செவ்வாய்க்கிழமை லீவு போட்ட காடு

குறிஞ்சாமேட்டுக் காப்புக்காடு முதன்முதலாக லீவு போட்டது ஆவணி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை. செவ்வாய்க்கிழமைகளில் அங்கே பொதுமக்களுக்கு அனுமதி கிடையாது. காலையில் நடக்க வருகிறவர்கள், மாலையில் கைகோத்து உட்கார வருகிறவர்கள், மயிலைப் படம் பிடிக்க வருகிறவர்கள், பாட்டிலோடு வந்து பாட்டில் இல்லாமல் திரும்புகிறவர்கள் என்று வாரம் முழுக்க ஒரு மாநகரமே வந்து மிதித்துவிட்டுப் போகிற காட்டுக்கு ஒருநாளாவது மூச்சுவிட நேரம் வேண்டாமா என்று ரேஞ்சர் வேதரத்தினம்தான் மேலிடத்தில் கெஞ்சிக் கூத்தாடி அந்த விடுமுறையை வாங்கி வைத்திருந்தார். கொடுத்த லீவைக் காடு முழுசாக எடுத்துக்கொண்டது. அன்றைக்குப் பொழுது விடிந்தபோது தாம்பரத்துக்குத் தெற்கே, ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில், காடு இருந்த இடத்தில் காடு இல்லை.

முதலில் பார்த்தவர் வனக்காவலர் ஏகாம்பரம். அவர் போன் செய்தபோது வேதரத்தினம் முகத்தில் பாதி சோப்போடு சவரம் செய்துகொண்டிருந்தார்.

"சார், காடு இல்ல சார்."

"இல்லன்னா? எங்கேய்யா போச்சு?"

"சொல்லிக்கினு போவல சார். பல்லு வெளக்க ஒரு வேப்பங்குச்சி ஒடிச்சேன். அப்டி திரும்பி துப்பிட்டு இப்டி திரும்புறேன், மரத்தக் காணோம். குச்சி மட்டும் கையில கீது."

வேதரத்தினம் பாதி சவரத்தோடு பைக்கை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தார். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி என்று சொல்வார்கள். அதுவாவது தேவலை, காடென்று ஒன்று இருக்கும். அவரைக் கண்ணைக் கட்டாமல் காடில்லாத இடத்தில் விட்டிருந்தது. செம்மண் தரை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் விரிந்து கிடந்தது. உசிலை இல்லை, வெப்பாலை இல்லை, நுணா இல்லை, காரைப் புதர் இல்லை, பனைகள் இல்லை. மானும் மயிலும் கீரியும் உடும்பும் கூடவே போயிருந்தன. குளத்துத் தண்ணீர்கூடப் போய்விட்டது, பள்ளம் மட்டும் வாயைப் பிளந்துகொண்டிருந்தது. இருந்ததெல்லாம் பாட்டில், பிளாஸ்டிக் பை, சிகரெட் பெட்டி, ஒற்றைச் செருப்பு, யாரோ யாரையோ காதலிப்பதாக எழுதிப்போட்ட ஒரு தகரம். காடு தன்னுடையதையெல்லாம் எடுத்துக்கொண்டு, நம்முடையதையெல்லாம் வைத்துவிட்டுப் போயிருந்தது.

பயிற்சிக் காலத்தில் வேதரத்தினத்துக்குக் காட்டு நிர்வாகம் என்று ஒரு பாடம் உண்டு. தீப்பிடித்தால் என்ன செய்ய வேண்டும், மரத்தைத் திருடினால் யாரைப் பிடிக்க வேண்டும், மான் கிணற்றில் விழுந்தால் எப்படித் தூக்க வேண்டும் என்றெல்லாம் சொல்லிக்கொடுத்தார்கள். காடே கிளம்பிப் போனால் என்ன செய்வது என்று சொல்லிக்கொடுத்த வாத்தியார் யாருமில்லை. அதைவிடவும் அவருக்கு உள்ளே ஒன்று சுருக்கென்றது. இத்தனை வருஷம் அதன் காலடியிலேயே கிடந்திருக்கிறேன், மனைவியோடு ஒரு கல்யாணம் காட்சிக்குப் போனதில்லை, பொங்கல் தீபாவளி பார்த்ததில்லை, ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகக்கூடாதா? காட்டைப் பார்த்து மனத்தாங்கல் கொள்கிற ரேஞ்சர் தமிழ்நாட்டில் நாம் ஒருவராகத்தான் இருப்போம் என்று தோன்றியது. ஆனாலும் மனத்தாங்கல் மனத்தாங்கல்தான்.

மாவட்ட வன அலுவலர் அம்மாவுக்குத் தகவல் சொன்னார். அந்த அம்மா பதறவில்லை. அரசாங்கத்தில் நெடுநாள் இருந்தவர்கள் எதற்கும் பதறுவதில்லை.

"முன்அனுமதி வாங்கிச்சா?"

"இல்லைங்கம்மா."

"நாளைக்கு வந்துடுமா?"

"வந்துடும்னு நெனக்கிறேன்."

"வந்தா சரி. வரலேன்னா நீங்கதான் பொறுப்பு."

புதன்கிழமை விடிகாலையில் காடு வந்துவிட்டது. எந்த மரம் எங்கே நின்றதோ அங்கேயே நின்றது, குளத்தில் தண்ணீர் தளும்பியது, மயில் அகவியது. கொஞ்சம் களைத்திருந்தது, அவ்வளவுதான். நுணாமரத்து வேரில் கடல்மணல் ஒட்டியிருந்தது. கிழட்டு மான் ஒன்றின் நெற்றியில் விபூதி இருந்தது. இலந்தைப் புதரில் சுண்டல் பொட்டலம் ஒன்று மாட்டியிருந்தது, அதில் மாங்காய்த் துண்டுகூட மிச்சம் இருந்தது. ஏகாம்பரம் மோந்து பார்த்துவிட்டு, "பீச்சுக்குத்தான் சார் போய்க்கினு வந்துகீது" என்றார். மத்தியானம் விழுப்புரத்திலிருந்து ஏகாம்பரத்தின் சம்பந்தி போன் செய்து, "உங்க ஊர்க் காடு நேத்து எங்க ஏரிக்கரையில நின்னுக்கிட்டிருந்துச்சே, ஏதாவது விசேஷமா?" என்று கேட்டார். அடுத்த செவ்வாயும் போயிற்று, புதன் வந்தது. அதற்கடுத்த செவ்வாயும் அப்படியே.

போவதையும் வருவதையும் யாரும் பார்த்ததில்லை. அந்தக் காட்டுக்குக் கூச்சம் அதிகம். சரியாக அந்த நேரத்துக்குப் பார்க்கிறவனுக்குத் தும்மல் வரும், கண்ணில் தூசி விழும், பின்னாலிருந்து யாராவது கூப்பிடுவார்கள். டி.வி.க்காரர்கள் கேமராவை நிறுத்தி வைத்துக் காத்திருந்தார்கள். கேமராக்காரர் கண்ணாடியில் பனி படர்ந்திருக்கிறதே என்று துடைத்துவிட்டு நிமிர்ந்தபோது எதிரே வெறும் தரைதான் இருந்தது. வேதரத்தினமும் ஒருமுறை கண்ணைக் கொட்டாமல் நின்று பார்த்தார். கொட்டாமல் கொட்டாமல் கண்ணில் நீர் வந்தது, துடைத்தார், போய்விட்டது.

ஊருக்கு இது பழக மாதம் ஒன்றுகூட ஆகவில்லை. செவ்வாய்க்கிழமை கறிக்கடை லீவு, முடிவெட்டுகிற கடை லீவு, காடு லீவு என்று குழந்தைகள்கூடச் சொல்லப் பழகிவிட்டார்கள். வெறுந்தரையைப் பார்த்தால் நம் ஜனங்களுக்குக் கை சும்மா இருக்குமா? முதல் வாரம் கிரிக்கெட் மட்டையோடு வந்தார்கள். இரண்டாம் வாரம் அடுக்குமாடிக் குடியிருப்புப் பெண்கள் பழைய வேட்டிகளை விரித்து வடாம் காயவைத்தார்கள்; இத்தனை வெயிலை இத்தனை நாள் இந்தக் காடு மறைத்து வைத்திருந்ததே என்று ஒரு அம்மாள் குறைப்பட்டுக்கொண்டாள். டிரைவிங் ஸ்கூல்காரர் லைசென்ஸ் எடுக்கப்போகிறவர்களைக் கூட்டி வந்து எட்டு போடப் பழக்கினார். அப்புறம் சந்தை வந்தது. வானகரத்துப் பக்கத்திலிருந்து காய்கறி, செய்யூரிலிருந்து முருங்கைக்காய், பிளாஸ்டிக் குடம், பாத்திரம், பழைய துணி. எல்லாவற்றுக்கும் நடுவே கோவளத்துத் தனபாக்கியம் தார்ப்பாய் விரித்து நெத்திலியும் வாளையும் சுறாவுமாகக் கருவாட்டைக் குவித்தாள். ரேஞ்சர் விரட்ட வந்தால் அவள் எழுந்திருக்கவே மாட்டாள்.

"இது காடும்மா, இங்கல்லாம் கடை போடக் கூடாது."

"காடா? எங்க சார் காடு, காட்டு பாப்பம்."

"நாளைக்கு வரும்."

"வரட்டும். அது வரசொல்ல நான் போய்ப்பூட்டிருப்பேன். அதுக்கும் எனக்கும் இன்னா பங்காளிச் சண்டையா? ரெண்டு நெத்திலி வாங்கிப் போ சார், ஊட்ல சந்தோசப்படுவாங்க."

அவர் வாங்கிக்கொண்டும் போனார். வீட்டில் சந்தோஷப்பட்டார்கள். அதுதான் அவரால் பொறுத்துக்கொள்ள முடியாததாக இருந்தது.

தனபாக்கியம் சொன்ன சொல் தவறாமல் பொழுது சாயும் முன் தார்ப்பாயைச் சுருட்டிக்கொண்டு போய்விடுவாள். எல்லாரும் தனபாக்கியம் ஆகிவிடுவார்களா? இட்லிக்கடைக்காரன் ஒருவன் மண்ணடுப்பை அப்படியே விட்டுவிட்டுப் போனான். புதன்கிழமை திரும்பி வந்த நுணாமரம் ஒன்று தன் இடத்தில் அடுப்பைப் பார்த்துவிட்டு, கூட்டமான பஸ்ஸில் ஒற்றைக்காலில் நிற்கிறவன் மாதிரி, பக்கத்து வெப்பாலை மேல் சாய்ந்துகொண்டு அந்த வாரம் முழுக்க நின்றது. மறுவாரம் ஒரு பிள்ளையார் தானாக முளைத்தார், கூடவே உண்டியலும் முளைத்தது. அதற்கடுத்த வாரம், மனை போட்டு விற்கிற ஜெயசீலன், வெள்ளைச் சட்டையும் கறுப்புக் கண்ணாடியுமாக வந்து இறங்கி, ஆட்களை விட்டு நாலு மூலையிலும் கல் நட்டான். அவன் வாதம் சுத்தமாக இருந்தது. காடு இருக்கிற நிலம் காட்டு நிலம், சரி. செவ்வாய்க்கிழமையில் இங்கே காடு இல்லை. ஆகவே செவ்வாய்க்கிழமையில் இது காட்டு நிலம் இல்லை. செவ்வாய்க்கிழமையில் நட்ட கல்லைப் புதன்கிழமை பிடுங்க எந்தச் சட்டத்திலும் இடமில்லை. கோர்ட்டில் வழக்கும் போட்டுவிட்டான். அவன் காட்டில் மழை என்று ஊரே பேசிக்கொண்டது. அவனுக்கென்று காடே இல்லாதபோது மழை எப்படிப் பெய்யும் என்று வேதரத்தினம் தனக்குள் கேட்டுக்கொண்டார், சிரிப்பு வரவில்லை.

அன்றைக்கு அவருக்குப் பயம் பிடித்தது. இன்றைக்கு ஒரு அடுப்பு, நாளைக்கு ஒரு கல், மறுநாள் ஒரு வீடு; ஒரு புதன்கிழமை இந்தக் காடு திரும்பி வந்து, நிற்க இடமில்லாமல் சுற்றிப் பார்த்துவிட்டு, வந்த வழியே போய்விட்டால்? எங்கே போய்த் தேடுவது? போலீஸில் என்னவென்று சொல்லுவது? சாப்பிடும்போது அதே நினைப்பு, படுக்கும்போது அதே நினைப்பு. மனைவி சௌந்தரநாயகி சொல்லிப் பார்த்தாள்.

"காட்டுக்கே லீவு போடணும்னு தெரியிது. நீங்க கல்யாணமானதுலேர்ந்து ஒரு லீவு போட்டிருப்பீங்களா? அது இருக்கறப்பதான் காவல் காத்தீங்க. இல்லாதப்பயும் போயி உக்காந்து எதைக் காக்குறீங்க?"

"இடத்தை."

"அது சரி."

கடைசியில் அவருக்கு ஒரு யோசனை வந்தது. அதை நினைத்து நினைத்து அவரே மெச்சிக்கொண்டார். காடு இருந்த இடத்தைச் சுற்றிலும் கம்பி வேலி, ரோட்டுப் பக்கம் ஒரே ஒரு பெரிய இரும்பு கேட். திங்கள் ராத்திரி முழுக்க கேட் திறந்திருக்கும்; செவ்வாய் காலை காடு கிளம்பிப் போனதும் பூட்டிவிடலாம்; எவனும் உள்ளே நுழைய முடியாது, அடுப்பும் வராது, பிள்ளையாரும் வர மாட்டார். மேலிடம் தட்டிக்கொடுத்தது. வேலி எழும்பியது. பூட்டு விஷயத்தில் மட்டும் அவர் யாரையும் நம்பாமல் திண்டுக்கல்லுக்கே ஆள் அனுப்பி, கள்ளச்சாவி போட்டால் பிடித்துக்கொள்கிற பூட்டாக, ஒரு கைக்குழந்தை கனத்துக்கு வாங்கி வரச் சொன்னார். இரண்டு சாவி கொடுத்திருந்தார்கள். ஒன்று தொலைந்தால் இன்னொன்று இருக்க வேண்டுமே என்கிற முன்ஜாக்கிரதையில் இரண்டையும் ஒரே வளையத்தில் கோத்து, அந்த வளையத்தைத் தன் அரைஞாண் கயிற்றில் முடிந்துகொண்டார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காடு கிளம்பியதும் பிள்ளையார் உண்டியலுக்குக் காவலாக வந்து சேர்ந்திருந்த சாமியாரையும் சந்தைக்காரர்களையும் வெளியே நிறுத்தி, தன் கையால் பூட்டைப் பூட்டி, இழுத்துப் பார்த்து, இன்னொருமுறை இழுத்துப் பார்த்து, ஏகாம்பரத்தின் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார். நெஞ்சிலிருந்து பாரம் இறங்கியிருந்தது. வாழ்நாளில் முதல் தடவையாக இரண்டு நாள் லீவு சொல்லிவிட்டு, மைத்துனர் பேத்தியின் காதுகுத்துக்கு மனைவியோடு சீர்காழிக்குப் பஸ் ஏறினார். சௌந்தரநாயகி ஜன்னலோரம் உட்கார்ந்து வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தாள். சாயங்காலம் சட்டைநாதர் கோயிலுக்குப் போனார்கள், ராத்திரி விருந்து சாப்பிட்டார்கள், வேதரத்தினம் குழந்தை மாதிரி தூங்கினார்.

உள்ளே யார் யார் வரக்கூடாது என்று அத்தனை நாள் மண்டையை உடைத்துக்கொண்ட மனுஷனுக்கு, உள்ளே காடு வர வேண்டும் என்பது மட்டும் தோன்றவில்லை. அவருக்கும் தோன்றவில்லை, மேலிடத்துக்கும் தோன்றவில்லை, ஏகாம்பரத்துக்கும் தோன்றவில்லை. படித்தவர், படிக்காதவர் என்ற பேதமில்லாமல் எல்லாரும் சேர்ந்து மறந்திருந்தார்கள்.

புதன்கிழமை விடிகாலை முகூர்த்தத்தில், தாய்மாமன் சீர்த்தட்டு வைக்கிற நேரத்தில், போன் வந்தது.

"சார், காடு வந்துட்ச்சு."

"நல்லது."

"வெளில நிக்குது சார்."

வேதரத்தினத்தின் கை தானாக இடுப்புக்குப் போயிற்று. சாவிகள் இரண்டும் பத்திரமாக இருந்தன.

காடு கேட்டுக்கு வெளியே நின்றது. கேட்டை ஒட்டி உசிலைகளும் நுணாக்களும், அவற்றின் பின்னால் ஜி.எஸ்.டி. ரோடு முழுக்க வெப்பாலையும் நாவலும், பஸ் ஸ்டாப்பில் பனைகள், பெட்ரோல் பங்கில் இலந்தை, பாலத்துக்குக் கீழே கள்ளியும் காரையும். மான்கள் ஸ்டேட் பாங்க் ஏ.டி.எம். வாசலில் ஒதுங்கி நின்றன. குளம் வேறு வழியில்லாமல் ஒரு கல்யாண மண்டபத்தின் கார் நிறுத்துமிடத்தில் இறங்கிவிட்டது. பஸ்ஸும் லாரியும் இரண்டு பக்கமும் கண்ணுக்கெட்டிய தூரத்துக்கு நின்றுபோயின. வேலியைத் தாண்டிக் குதிக்க வேண்டியதுதானே என்று ஒரு டிரைவர் கேட்டார். வேலி தாண்டுவது மனுஷன் பழக்கம், மரத்துக்குத் தெரியாது என்று ஏகாம்பரம் சொன்னார். தீயணைப்புக்காரர்கள் கடப்பாரையும் கட்டரும் கொண்டுவந்து பூட்டோடு மல்லுக்கட்டினார்கள். கடப்பாரை வளைந்தது, பூட்டு அசையவில்லை. பிறகு பக்கத்தில் வேலியை வெட்டி ஆள் நுழைகிற அளவுக்கு வழி செய்தார்கள். காடு அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "தன் ஊட்டுக்கு சந்து வழியா நொழைய அது இன்னா திருடனா?" என்றாள், செய்தி கேட்டுக் கூடையோடு வந்து சேர்ந்திருந்த தனபாக்கியம்.

சீர்காழியிலிருந்து வரும் வழியெல்லாம் வேதரத்தினம் பஸ் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே வந்தார். உட்கார்ந்தால் பஸ் மெதுவாகப் போகிற மாதிரி இருந்தது. ஏகாம்பரம் நிமிஷத்துக்கு நிமிஷம் போன் செய்தார். ஜெயசீலன் வந்து நின்றுகொண்டு எல்லாருக்கும் மோர் கொடுக்கிறான் சார். சாயங்காலத்துக்குள் உள்ளே போகாவிட்டால் காடு தானாகவே இடத்தைக் காலி செய்துவிட்டது என்று கோர்ட்டில் சொல்லப்போகிறானாம் சார். கோடியில் நிற்கிற பனையெல்லாம் திரும்பிக் கடல் பக்கம் பார்க்கிற மாதிரி இருக்கிறது சார். கடைசிச் செய்தியைக் கேட்டதும் வேதரத்தினம் பஸ்ஸில் அத்தனை பேர் முன்னால் அழுதுவிட்டார்.

"காட்டுல திருடு போகாம பாத்துக்கிட்டேன் சௌந்தரம். காட்டையே வெளில வெச்சுப் பூட்டிட்டேன். என்னைப்போல ஒரு அடிமுட்டாளை டிபார்ட்மெண்டு பாத்திருக்குமா?"

"பாத்திருக்கும்," என்றாள் சௌந்தரநாயகி, முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்தபடி. "நீங்க ஒருத்தர்தானா இருக்கீங்க."

கூடுவாஞ்சேரியில் பஸ் நின்றுவிட்டது. முன்னால் அவருடைய காடு வழியை மறித்திருந்ததால் அவருடைய காட்டுக்கு அவரால் போக முடியவில்லை. இறங்கி, ஒரு பால்காரர் வண்டியில் புருஷனும் பெண்டாட்டியும் தொற்றிக்கொண்டு, சந்து பொந்தெல்லாம் புகுந்து வந்து சேர்ந்தபோது உச்சி வெயில். ஆனால் ரோட்டில் வெயில் இல்லை. ஜி.எஸ்.டி. ரோடு பிறந்த நாள் முதல் அப்படிக் குளிர்ந்ததில்லை. பஸ்ஸில் வந்தவர்கள் இறங்கி மரத்தடியில் துண்டை விரித்துப் படுத்திருந்தார்கள். ஆபீஸுக்குப் போக வேண்டியவர்கள் இடுப்புப் பட்டையைத் தளர்த்திவிட்டுக்கொண்டு சீட்டாடினார்கள். சாவியோடு ஓடிவந்த ரேஞ்சரைப் பார்த்து, "என்ன சார் அவசரம், இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டுமே" என்று ஒருவர் கேட்டார்.

சட்டையைத் தூக்கி, அரைஞாண் கயிற்றை அறுத்து, ஊரறிய மானத்தை விட்டு வேதரத்தினம் பூட்டைத் திறந்தார். கேட்டின் இரண்டு கதவுகளையும் விரியத் தள்ளி, ஓட்டல் வாசலில் சலாம் போடுகிறவர் மாதிரி ஓரமாக நின்று, "வா" என்றார். காடு நகரவில்லை.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. இத்தனை ஜனம் பார்த்துக்கொண்டிருக்கிறது, எல்லாரும் போனைத் தூக்கிப் பிடித்திருக்கிறார்கள். அந்தக் காடு எந்தக் காலத்தில் பார்க்கப் பார்க்க நடந்திருக்கிறது?

"எல்லாரும் கண்ணை மூடிக்கங்க!" என்று கத்தினார். "போனைக் கீழ வைங்க! ஒரு நிமிஷம் கண்ணை மூடுங்க, தயவுபண்ணி!"

சிரித்தார்கள். ஒரு செல்ஃபி மட்டும் என்றார்கள். சாமி கும்பிடும்போதே கண்ணை மூடாத ஊர் அது. தனபாக்கியம் கூடையைக் கீழே வைத்துவிட்டு, இடுப்பில் கைவைத்து, கோவளத்துக் கரையிலிருந்து கட்டுமரத்துக்குக் கேட்கிற குரலில் ஒரு சத்தம் போட்டாள். "அடச்சீ, மூடுங்கடா கண்ண! பொம்பள புள்ள துணி மாத்துது, அப்பால திரும்பி நிக்க மாட்டீங்க? அதுமாரிதான் இதுவும்!" அந்தக் குரலுக்குப் பஸ்ஸில் இருந்தவர்கள், பாலத்தில் இருந்தவர்கள், மாடியில் இருந்தவர்கள் என்று வரிசையாகக் கண்கள் மூடின. ஜெயசீலன் மட்டும் கறுப்புக் கண்ணாடியோடு விறைத்து நின்றான். சௌந்தரநாயகி அவன் பக்கத்தில் போனாள். "தம்பி, கண்ணாடிக்குள்ள மூடியிருக்கா தெறந்திருக்கான்னு தெரியல. நானே மூடிவிடறேன்" என்று பின்னாலிருந்து இரண்டு கையாலும் அவன் கண்ணைப் பொத்திப் பிடித்தாள். அவன் திமிறிப் பார்த்தான். காதுகுத்து வீட்டில் மாவு பிசைந்த கை, விடவில்லை.

வேதரத்தினமும் கண்ணை மூடிக்கொண்டார்.

முதலில் ஒன்றுமில்லை. பிறகு மழைக்கு முந்தின வாசனை வந்தது. அப்புறம் ஆயிரம் பேர் வெறுங்காலோடு ஈரமண்ணில் நடக்கிற மாதிரி ஒரு ஓசை. ஒரு இலை அவர் கன்னத்தைத் தொட்டுவிட்டுப் போனது, ஒரு பட்டை தோளை உரசியது, ஏதோ ஒரு மான் முழங்காலில் மோதி நின்று பிறகு போனது. காடு அவரைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது, அவர் கைக்கெட்டும் தூரத்தில், அவருடைய காடு. இத்தனை வருஷம் காவல் காத்தேன், ஒரே ஒரு எட்டு வைப்பதைப் பார்க்க எனக்குப் பாத்தியதை இல்லையா என்று ஒரு நினைப்பு வந்தது. எல்லாரையும் மூடச் சொன்னவன் நீ, நீ மூடு என்று இன்னொரு நினைப்பு வந்தது. இரண்டாவது நினைப்பு முடிவதற்குள் அவருடைய வலது கண் கொஞ்சூண்டு திறந்துகொண்டது.

கடைசியாக வந்த உசிலைமரம் கேட்டுக்கு நடுவில் இருந்தது. வாய்க்கால் தாண்டுகிற பெண் புடவையைத் தூக்கிப் பிடிப்பது மாதிரி வேரைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு, ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே. அது அவரைப் பார்த்தது, அவர் அதைப் பார்த்தார். இரண்டு பேரும் அப்படியே நின்றுவிட்டார்கள்.

ஜனங்கள் கண்ணைத் திறந்தபோது ரோடு காலியாக இருந்தது, காடு உள்ளே இருந்தது, கேட்டுக்கு நட்டநடுவில் ஒரு உசிலைமரம் வேர்விட்டு நின்றது. அங்கேயே பிறந்து வளர்ந்த மாதிரி நின்றது. கேட்டை மூடிப் பார்த்தார்கள், மரம் இடித்தது. அன்றைக்கு முதல் இன்றைக்கு வரைக்கும் அந்த கேட்டை மூட முடியவில்லை.

அடுத்த செவ்வாய் காடு வழக்கம்போல லீவில் போனது. உசிலைமரம் போகவில்லை. வழக்கு விசாரணைக்கு வந்த நீதிபதி ஒரு செவ்வாய்க்கிழமையாகப் பார்த்து நேரிலேயே வந்தார். வெறுந்தரையைப் பார்த்தார், நடுவழியில் நிற்கிற மரத்தைப் பார்த்தார், செவ்வாய்க்கிழமை இங்கே காடு இல்லை என்றீர்களே, இது என்ன என்று கேட்டார். "ஒரே ஒரு மரந்தானுங்களே ஐயா" என்றான் ஜெயசீலன். "ஒரு ஆள் டூட்டியில் இருந்தாலும் ஆபீஸ் திறந்திருக்கிறது என்றுதான் அர்த்தம்" என்றார் நீதிபதி. கற்களைப் பிடுங்கச் சொல்லி உத்தரவாயிற்று. அடுப்பு போனது, பிள்ளையார் பக்கத்துத் தெருவுக்குக் குடிபோனார். சாயங்காலத்துக்குள் எழுந்து போய்விடுகிறவர்களை மட்டும் வேதரத்தினம் கண்டும் காணாமல் விட்டுவிட்டார், அதில் தனபாக்கியம்தான் முதல் ஆள்.

வேதரத்தினத்துக்குப் பாராட்டு விழா நடந்தது. ஒற்றை மரத்தை வாசலில் நிறுத்திக் காட்டைக் காப்பாற்றிய தீர்க்கதரிசி என்று வன அலுவலர் அம்மா மைக்கில் பேசினார். பொன்னாடை போட்டார்கள். எதைச் சொல்லிப் போடுகிறார்கள் என்று நினைக்க நினைக்க அந்தப் பொன்னாடை அவருக்கு அரித்தது. முப்பது வருஷம் ஒழுங்காகச் செய்த வேலைக்கு ஒரு சால்வை கிடையாது. ஒரு கண்ணைத் திருட்டுத்தனமாகத் திறந்ததற்கு மாலை, மரியாதை, குத்துவிளக்கு. வீட்டுக்கு வந்ததும் சௌந்தரநாயகி அதை மடித்து வைத்தபடி கேட்டாள்.

"நீங்க பாத்துட்டீங்கல்ல?"

அவர் குனிந்து பொன்னாடையின் மறுமுனையைப் பிடித்துக்கொடுத்தார்.

"எனக்குத் தெரியும். ஜாதகம் எழுதறப்பவே உங்களுக்குப் பொறுமை கெடையாதுன்னு எழுதியிருந்தான். பாவம் அந்த மரம். அதுக்கு இனிமே லீவே இல்ல."

அந்த வார்த்தை அவரைச் சாப்பிட விடவில்லை. புதன்கிழமை மற்ற மரங்கள் வேரில் சிப்பியும் கிளையில் ராட்டினத்துக் காகிதமுமாக வந்து நிற்கும்போது உசிலைமரம் கேட்டில் ரோட்டுப் புழுதியோடு நிற்கும். தலைக்குத் தேய்க்கிற அரப்புக்கு உசிலை இலை பறிக்க வருகிற பெண்களை முன்பெல்லாம் சட்டத்துக்காக விரட்டியவர், இப்போது, "அதும் மேல கை வைக்காதீங்கம்மா, அதுவே மனசு ஒடஞ்சு நிக்குது" என்று கும்பிட்டுக் கேட்டுக்கொண்டார். செவ்வாய்க்கிழமைகளில் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து அதன் பக்கத்தில் போட்டுக்கொண்டு உட்காரத் தொடங்கினார். சும்மா உட்கார முடியுமா? பேச்சுக் கொடுத்தார். வெளியூர் விசேஷம் எதையாவது சொல்லலாமென்று பார்த்தால் அவருக்குத் தெரிந்த வெளியூர் ஒன்றே ஒன்று, சீர்காழி. அதையே சொன்னார். காதுகுத்து, சட்டைநாதர் கோயில், விருந்தில் ரெண்டாவது தடவை போட்ட பாயசம். மூன்றாவது வாரம் அதே கதையைத் தொடங்கியபோது, கருவாட்டுக் கூடைக்குப் பின்னாலிருந்து தனபாக்கியம், "யோவ் சார், எனக்கே மனப்பாடம் ஆய்ப்பூட்ச்சு. மரம் பாவம், எங்கனா போய்ட்டு வந்து வேற கத சொல்லேன்" என்றாள்.

அதனால்தான் இப்போது ரேஞ்சர் வேதரத்தினம் லீவு போடுகிறார். சனி ஞாயிறு வந்தால் மனைவியைக் கூட்டிக்கொண்டு வேளாங்கண்ணி, பூம்புகார், ஏலகிரி என்று எங்காவது கிளம்பிவிடுகிறார். சௌந்தரநாயகிக்கு இந்த வயதில் வாழ்வு வந்தது என்று அக்கம்பக்கம் பேசுகிறது. போன இடத்திலெல்லாம் அவர் அதிகமாக ஒன்றும் அனுபவிப்பதில்லை. அலை எவ்வளவு உயரம், காற்று எந்தப் பக்கம் அடித்தது, சுண்டலில் மாங்காய் போட்டார்களா தேங்காய் போட்டார்களா என்று சொல்வதற்குத் தோதாகக் கவனித்துக்கொண்டிருப்பார்.

செவ்வாய்க்கிழமை காலை, வெறுந்தரை வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, உசிலைமரத்துக்கு அந்த வாரத்துக் கதையைச் சொல்லும்போது அவர் இரண்டு கண்ணையும் இறுக்க மூடிக்கொள்கிறார். "போறதுன்னா போ," என்று நடுநடுவே சொல்லுகிறார், "நான் பாக்கல. சத்தியமா பாக்கல." பிறகு நெடுநேரம் அப்படியே இருப்பார். கண்ணைத் திறக்கும்போது மரம் அங்கேயேதான் நிற்கும். அப்பாடா என்றிருக்கும் அவருக்கு. அப்பாடா என்றிருக்கிறதே என்று வெட்கமாகவும் இருக்கும்.